எவளுக்கும் தோணும் என்று சொன்னேன்

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். வாட்ஸ்அப்பில் உன் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் போடுகிறாய். பேசி அனுப்பினால் 'மீட்டிங்ல இருக்கேன்மா' என்று பதில் வருகிறது. அதனால் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டு, 'உங்கம்மா இன்னாமோ எழுதிக்கீறாங்கடா' என்று சொன்னால் நீயும் படிப்பாய். உன் பெயரை இதில் போடவில்லை. உன் ஆபீஸ் பெயர், நீங்கள் எதிர்க்கிற கம்பெனியின் பெயர், உங்களை எதிர்க்கச் சொன்ன கம்பெனியின் பெயர், என் பெயர், எதையும் போடவில்லை. இதில் இருக்கப்போகிற ஒரே பெயர் பேச்சி. அதை வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

நீ அனுப்பிய காகிதம் என் முன்னால் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வை, திங்கட்கிழமை ஆள் வந்து வாங்கிக்கொள்வான் என்றாய். பல ஆண்டுகள் கையால் பெட்டிகளில் பாக்கெட் அடுக்கிய அனுபவத்தில் உறுதி கூறுகிறேன் என்று ஆரம்பிக்கிறது. பெட்டியைச் சாய்த்து வைத்துக் குலுக்கி நிரப்பும் முறை, அந்த வேலையில் இருக்கும் எவருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியதே என்று முடிகிறது. நான் சொன்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. நீ ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறாய். நான் 'எவளுக்கும்' என்றேன். நீ 'எவருக்கும்' என்று எழுதி மரியாதை கொடுத்திருக்கிறாய். இதில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். நீ அவசரத்தில் இருந்தாய். இங்கே அவசரம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நீ சொல்லாமல் வந்து நின்றாய். நீ இருக்கும் அடையாற்றுக்கும் நம் வீட்டுக்கும் பஸ்ஸில் வந்தால்கூட இரண்டு மணி நேரம் ஆகாது. ஆனாலும் நீ பொங்கலுக்கு வந்தவன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தாய். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு தூரமாவது இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. கேட்கிறவர்களிடம் 'அவனுக்கு வேலை ஜாஸ்தி' என்று சொல்லிச் சொல்லி, அதை இப்போது தெருவில் எல்லாரும் எனக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். உன்னைப் பார்த்ததும் நெத்திலி வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது நீ தரையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாய்.

'மா, நீ பேக்கிங்ல இருந்தியே, அங்க எப்டி அடுக்குவீங்க?'

'இன்னாடா திடீர்னு? ஆடிட்டா?'

'சொல்லும்மா. தெரிஞ்சிக்கத்தான்.'

நான் அந்த வேலைக்குப் போன வருஷங்கள் முழுவதும் நீ அதைக் கேட்டதில்லை. தண்டலத்தில் காலேஜில் படித்தபோது உன் சிநேகிதர்களிடம், 'அம்மா குவாலிட்டியில இருக்காங்க' என்று சொல்லி வைத்திருந்தாய். அதில் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது, 'ஆன்ட்டி, குவாலிட்டி செக்ல என்ன பாப்பீங்க?' என்று கேட்டான். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. 'பெட்டி ஒழுங்கா ஒட்டிக்கீதான்னு பாப்போம்பா' என்று சொல்லி சமாளித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. அதனால் நீ கேட்டதும் எனக்குள் என்ன ஆனது என்று உனக்குத் தெரிந்திருக்காது. நெத்திலியை ஓரமாக வைத்துவிட்டு உன் எதிரே உட்கார்ந்துவிட்டேன். மிக்ஸர் பாக்கெட்டுகளைப் பற்றிச் சொன்னேன். உள்ளே காற்று அடைத்து உப்பலாக வரும். பெட்டியில் அடுக்கினால் கடைசி வரிசை உள்ளே போகாது. அமுக்கினால் வெடிக்கும், அமுக்காவிட்டால் மூடி மூடாது. வெடித்ததற்கெல்லாம் எங்களைத்தான் திட்டுவார்கள். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நடுவில் போனைப் பார்க்கவில்லை.

பிறகு உன் வேலையை எனக்குச் சொன்னாய். ஒரு கம்பெனி தானாகப் பெட்டி நிரப்பும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டிருக்கிறது, நீங்கள் அதை எதிர்க்கிறீர்கள். பெட்டியைச் சாய்க்கும் அமைப்பு ஒரு பழைய வெளிநாட்டு ஆவணத்தில் இருக்கிறது. குலுக்கி அடங்க வைக்கும் அமைப்பு இன்னொன்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கலாம் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் சாதாரண ஆளுக்குத் தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி என்றாய். தோன்றியிருக்கும் என்று நிரூபித்தால் காப்புரிமை கிடைக்காது. 'யாருடா அந்தச் சாதாரண ஆளு?' என்று கேட்டேன்.

'நிஜ ஆள் இல்லம்மா. சட்டம் கற்பனை பண்ணி வச்சிக்கீது. அவருக்குத் தொழில் தெரியும். எல்லாப் பழைய ஆவணத்தையும் படிச்சிருப்பாரு. ஆனா சொந்தமா புதுசா ஒண்ணும் தோணாது.'

'அப்ப உங்க ஆபீஸ்ல எல்லாரும் அவருதான்னு சொல்லு.'

நீ சிரித்தாய். உன் அப்பா நம்மோடு இருந்த காலத்தில் சிரித்த மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. 'இல்லம்மா. எங்களுக்கு நீதான் அந்த ஆளு' என்றாய். நானும் சிரித்தேன். அது உறைத்தது பிறகுதான்.

நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். 'செஞ்சிருக்கலாம்கிறது வேறம்மா, செஞ்சிருப்பாங்கங்கிறது வேற' என்றாய். முடியும் என்று காட்டினால் போதாது, அந்த ஆள் தானாகவே அந்தப் பக்கம் போயிருப்பான் என்று காட்ட வேண்டும். 'அப்புறம், விடையைப் பாத்துட்டு கணக்கு ஈசின்னு சொல்லக் கூடாது. பாத்தப்புறம் எல்லாமே ஈசியாத்தான் தெரியும்.' இதைச் சொல்லிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி இயந்திரத்தின் படத்தைக் காட்டினாய். காட்டிவிட்டு, 'இது உனக்குத் தோணியிருக்குமாம்மா?' என்று கேட்டாய்.

நான் படத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பாதி பொய். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்ன பதிலுக்காகக் காத்திருக்கிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? 'இது இன்னாடா பெரிய விஷயம், எவளுக்கும் தோணும்' என்றேன். உன் முகம் அப்படியே மலர்ந்தது. 'சூப்பர்மா! இன்னொரு வாட்டி சொல்லு' என்று போனை எடுத்துப் பதிவு செய்தாய். நான் இன்னொரு முறை சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் லைனில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம், இதற்கெல்லாம் இன்ஜினீயர் எதற்கு என்றேன். இன்னும் கேட்டிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன். நீ போனைப் பையில் வைத்தாய், 'லேட் ஆச்சும்மா' என்றாய், கிளம்பிவிட்டாய். நெத்திலி கழுவாமல் கிடந்தது. அதைக் குழம்பு வைத்து மறுநாளும் நானே தின்றேன். மாடி அறையில் குடியிருக்கும் தென்காசிப் பையன்களுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். 'அண்ணன் வந்துச்சாக்கா? பாக்கவே இல்லியே' என்றான் ஒருவன்.

காகிதம் வந்தபோது கூடவே அந்தப் படத்தையும் இணைத்து அனுப்பியிருந்தாய். அப்போதுதான் அதைப் படமாகப் பார்த்தேன். பெட்டியின் அடியில், ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டு, சாய்வாக ஒரு பலகை. அதற்குப் பதினான்கு என்று எண் போட்டு அம்புக்குறி இழுத்திருந்தது. அது பலகை இல்லை. அது பேச்சியின் முட்டி.

பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எங்கள் லைனுக்கு வந்தபோது இருபது வயதுகூட இருக்காது. ஆறு பேர் தங்கும் அறையில் ஏழாவது ஆளாகப் படுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுக்கு மாதவிடாய் வலி. உட்கார இடம் கிடையாது, லைனை விட்டுப் போக அனுமதி கிடையாது. அதற்கெல்லாம் அங்கே ஒரு ஆண் சூப்பர்வைசரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அவள் கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கி மேசையின் குறுக்குக் கம்பிமேல் வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு ஒத்தாசையாகப் பெட்டியை முட்டிமேல் சாய்த்துக்கொண்டு, அப்படியே அடுக்கினாள். வலியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெட்டியும் ஆடியது. நான் பக்கத்தில் நின்று, வழக்கம் போலக் கடைசி வரிசையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

'யக்கா, அதோட ஏன் மல்லுக்கட்டுதீய? இங்க பாருங்க, தானா எறங்குது.'

பார்த்தேன். பாக்கெட்டுகள் ஒன்றின் தோளில் இன்னொன்று சரிந்து மூலையில் போய் அடங்கின. பெட்டியை நிமிர்த்தினாள். மேலே இடம் இருந்தது. கடைசி வரிசை அமுக்காமல் உள்ளே போனது. சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தவர் கத்தினார்.

'இன்னாம்மா, ஒத்தக் கால்ல பரதநாட்டியம் ஆடிக்கினு கீற? பாக்ஸை நேரா வை!'

'ஆடுதது நானு சார். டார்கெட் ஏறுதது ஒங்களுக்குல்லா?'

லைனே சிரித்தது. அவர் அன்றைக்கு அவளைத் திட்டிவிட்டுப் போனார். சாயந்திரம் வெடித்த பாக்கெட்டுகளைப் போடும் தொட்டியை எட்டிப் பார்த்தார். அவளுடையது காலியாக இருந்தது. அடுத்த வாரம் எல்லாரையும் அப்படியே அடுக்கச் சொன்னார், தானே கண்டுபிடித்தது போல. எங்கள் எல்லாருக்கும் ஒரு முட்டி காய்த்துப் போனது. பிறகு இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். முகம் விழாமல் கையையும் காலையும் படம் எடுத்தார்கள். பேச்சியிடம் மட்டும், 'மெதுவா ஒருவாட்டி பண்ணும்மா' என்று கேட்டு எடுத்தார்கள். அவள் அன்றைக்குப் புது சுடிதார் போட்டு வந்திருந்தாள். சில மாதங்களில் இயந்திரம் வந்தது. கான்ட்ராக்ட் முடிந்தது என்று எங்களைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். நான் இப்போது வாலாஜாபாத் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கட்டும் இடத்தில் இருக்கிறேன். பேச்சி மறைமலை நகர்ப் பக்கம் போனாள் என்றார்கள். அவள் எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ இந்தியில் எடுக்கிறார்கள்.

இயந்திரம் கட்டினவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மோட்டார், சென்சார், எத்தனை டிகிரி சாய்ப்பது, எவ்வளவு குலுக்குவது, அதெல்லாம் அவர்கள் உழைப்புதான். ஆனால் சாய்த்துக் குலுக்கலாம் என்பது எங்கிருந்து வந்தது? அவர்கள் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பெயர் இருக்கிறது. முட்டிக்கு எண் இருக்கிறது, முட்டிக்கு உரியவளுக்குப் பெயர் இல்லை.

இப்போது நான் சொன்னதற்கு வருகிறேன். எவளுக்கும் தோணும் என்றேன். எவளுக்குத் தோணியது? அந்த லைனில் பேச்சி வருவதற்கு முன்னால் நான் எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறேன். என் பக்கத்தில் முப்பது பெண்கள் நின்றார்கள். எங்களுக்கும் முட்டி இருந்தது, எங்களுக்கும் மாதாமாதம் வலி வந்தது. நாங்கள் எல்லாரும் பாக்கெட்டை அமுக்கிக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் இருந்தோம். எனக்குத் தோணவில்லை. உன் சட்டம் தேடுகிற சாதாரண ஆள் நான்தான் என்றால், அந்த ஆளின் சாட்சி இதுதான்: எனக்குத் தோணவில்லை. அவள் காட்டிய பிறகுதான் அது எனக்கு எப்போதோ தெரிந்தது போல ஆகிவிட்டது.

இந்த ஏமாற்று எனக்குப் புதிதில்லை. உன் அப்பா வாலாஜாபாத்தில் இன்னொரு குடும்பத்தோடு போய் இருந்துகொண்டபோது உனக்கு எட்டு வயது. அந்த வாரம் தெருவே வந்து நம் வீட்டில் உட்கார்ந்தது. 'எங்களுக்கு அப்பவே தெரியும்' என்றார்கள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டதிலேயே தெரியுமாம், வண்டியை மாற்றியதிலேயே தெரியுமாம். எதிர்வீட்டுக்காரி, 'கண்ணு இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்கும்' என்றாள். அதாவது எனக்குக் கண் இல்லை. முந்தின வாரம்வரை அவளும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தவள்தான். நடந்த பிறகு எல்லாம் தெளிவாக இருந்தது. நடப்பதற்கு முன் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. 'அப்பவே தெரியும்' என்கிற அந்த வார்த்தை, அடிபட்டவளை முட்டாளாகவும் ஆக்கிவிட்டுப் போகும். அதைக் கேட்டு அத்தனை எரிந்த நானே அதைப் பேச்சிக்குச் செய்தேன். அவள் கண்டுபிடித்ததை யாருடையதும் இல்லாததாக ஆக்கினேன், அதுவும் என் பிள்ளை என்னோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்பதற்காக.

போனில் நீ சொன்னதை மறக்கவில்லை. 'மா, உன்னை வெளிய அனுப்புனவங்கம்மா அவங்க. அவங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான நானும் பாக்கறேன்? நீ கையெழுத்துப் போட்டா அவங்க தோப்பாங்க.' தோற்கட்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் தோற்கடிப்பது யார்? உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி எதற்கு எதிர்க்கிறது? அதே இயந்திரத்தை அவர்களும் செய்து, அவர்கள் லைனில் நிற்கும் பெண்களையும் கேட்டுக்கு வெளியே அனுப்பத்தான். ஒருவன் 'இது என் கண்டுபிடிப்பு' என்கிறான். இன்னொருவன் 'இது ஒரு கண்டுபிடிப்பே இல்லை' என்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சி என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள்.

'அவகிட்டேர்ந்து எடுத்துக்கினாங்கன்னு எழுத முடியாதாடா?' என்று கேட்டேன். முடியும், அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, ஆனால் அதை அவளே வந்துதான் போட வேண்டும், நீங்கள் போட முடியாது என்றாய். 'அவ எங்க கீறான்னு யாருக்கும்மா தெரியும்?' என்றாய். நீ சொன்னது சரிதான். அதனால்தான் அவள் பெயரை மட்டும் போட்டு இதை எழுதுகிறேன். பேச்சி போனில் எதையும் விடாமல் படிப்பாள். சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு எல்லாச் செய்தியையும் வாசித்துக் காட்டியவள் அவள்தான். இது சுற்றிச் சுற்றி அவளிடமும் போகலாம்.

அதற்குப் பிறகு நீ தணிந்த குரலில் ஒன்று சொன்னாய். 'சீனியர்கிட்ட சொல்லிட்டேன்மா. அம்மாகிட்ட வாங்கித் தரேன்னு. இப்ப இல்லன்னா எனக்கு எப்டி இருக்கும்?' அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே புதியவன். உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசி, அந்த ஆபீஸில் தாத்தா காலத்திலிருந்து வக்கீல்களாக இருப்பவர்களின் பிள்ளைகளோடு நிற்கிறாய். உன்னிடம் அவர்களிடம் இல்லாத ஒன்றே ஒன்று இருந்தது, பேக்கிங் லைனில் நின்ற ஒரு அம்மா. குவாலிட்டியில் இருக்கிறாள் என்று சொன்னவன், முதல் முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறாய். அதை நான் கெடுக்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை.

இதைக் கெடுத்தால் நீ இனிமேல் கூப்பிட மாட்டாயோ என்பதுதான் என் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கன்டெய்னர் லாரிகளின் புழுதியில் நடந்து வந்து பூட்டைத் திறக்கும்போது, உள்ளே கூப்பிட ஒரு பெயர் இல்லை. டிவியைப் போடுகிறேன், சத்தத்துக்காக. மாடியில் பையன்கள் வாளியை இழுக்கும் சத்தம் கேட்டால் யாரோ இருக்கிறார்கள் என்று ஆறுதல். அப்படி இருப்பவளிடம் மகன் வந்து ஒரு மத்தியானம் முழுவதும் கேள்வி கேட்டான். அந்த மத்தியானத்தை வைத்துக்கொள்ள என்ன வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது நான் இல்லை. சொந்தமாக ஒன்றும் தோணாத ஒரு ஆள். அந்த ஆளைப் பார்க்கத்தான் நீ வந்தாய் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு அறிவுரை என்று ஒன்றே ஒன்றுதான். இனி யாரிடமாவது கேட்கப் போனால், படத்தைக் காட்டாமல் கேள். முதலில் காலிப் பெட்டியைக் கொடு, பாக்கெட்டைக் கொடு, பேசாமல் நின்று பார். உனக்குத் தெரிந்த விதிதான் இது. என்னிடம் மட்டும் ஏன் அதை மீறினாய் என்று நீயே யோசித்துக்கொள்.

காகிதத்தின் பின்பக்கத்தில் என் கையால் எழுதிவிட்டேன். 'அந்த லைனில் பல வருஷம் நின்றேன். பெட்டியைச் சாய்த்துக் குலுக்க எனக்குத் தோணவில்லை. பேச்சிக்குத் தோணியது. அவள் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன்.' இதற்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். இது உன் சீனியருக்குப் பயன்படாது என்று தெரியும். எதிர்த்தரப்புக்காரன் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்றுகூடத் தோன்றுகிறது. இருந்தாலும் நான் சத்தியம் செய்யக்கூடியது இதுதான்.

நீ சொல்லிக்கொடுத்த கணக்கிலேயே சொல்கிறேன். என் மகன் வந்திருக்கலாம் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. இந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் வந்திருப்பான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. திங்கட்கிழமை ஆளை அனுப்பாதே, அவனிடம் கொடுக்க மாட்டேன். நீ வா. நான் எழுதியது போதாது என்றால், போதாது என்று என் எதிரே உட்கார்ந்து சொல்.